வான் நிற்க ஓர் இடம்

சித்திரைப் புத்தாண்டுக்கு அடுத்த நாட்களில், கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 வீதியோரம் அரை மணிநேரம் நின்றால் போதும். இலங்கையின் எல்லா மாவட்டங்களும் குடும்பம் குடும்பமாக மலையேறிப் போவதைக் கண்டுவிடலாம். பெரும்பாலும் வான்கள். டொயோட்டா ஹையேஸ், நிஸான் கரவன், வயதான டொல்பின். கூரைக் கம்பியில் பாயும் தலையணையும் தார்ப்பாய்க்குள் கட்டப்பட்டிருக்கும். பின்கதவைத் திறந்தால் காஸ் அடுப்பு, கரி பிடித்த இரண்டு பெரிய சட்டி, அரிசி, பருப்பு, முந்திய இரவே பொரித்து வைத்த கருவாடு, இருபது லீற்றர் தண்ணீர் கான். உள்ளே அம்மம்மா முதல் கைக்குழந்தை வரை மூன்று தலைமுறை. சிங்களக் குடும்பத்து வானிலிருந்து பைலாவும் கைதட்டலும் கேட்கும். அதன் பின்னால் யாழ்ப்பாணத்திலிருந்து இரவிரவாக ஓடிவந்த வானில் இளையராஜா பாடிக்கொண்டிருப்பார்.

ஐரோப்பாவின் வடக்கே, ஸ்வீடனில், இதே ஆசைக்கு வேறு வண்டி இருக்கிறது. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாவற்றையும் உள்ளே கொண்ட மோட்டார் வீடு. கோடை பிறந்ததும் குடும்பங்கள் அதில் ஏறி ஏரிகளையும் ஊசியிலைக் காடுகளையும் சிவப்பு மரவீடுகளையும் பார்த்துக்கொண்டே வாரக்கணக்கில் ஊர் சுற்றுகின்றன. அங்கே ஊழியருக்கு ஆண்டுக்கு 25 நாள் விடுமுறை சட்டப்படி உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான காலத்தில் தொடர்ந்து நான்கு வாரம் எடுக்கவும் உரிமை உண்டு. காடும் மலையும் எவரும் நடந்து திரியக் கூடியவை என்ற பழைய மரபு 1994இல் அந்நாட்டு அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது. அடுத்தவர் காட்டில் நடக்கலாம், காட்டுப் பழம் பறிக்கலாம், ஓரிரவு கூடாரம் அடிக்கலாம்.

ஆனால் அந்த உரிமை கால்களுக்குத்தான், சக்கரங்களுக்கு இல்லை. வண்டியை எவருடைய வயலுக்குள்ளும் காட்டுக்குள்ளும் இறக்க முடியாது. அப்படியானால் வண்டி எங்கே நிற்கும் என்று அந்நாடு யோசித்தது. வீதிகளுக்குப் பொறுப்பான அரச நிறுவனம் நெடுஞ்சாலையோரங்களில் ஓய்விடங்கள் அமைத்தது. மேசை, வாங்கு, கழிப்பறை, குப்பைத் தொட்டி, இரவில் கண்ணயர அனுமதி. சிறிய நகரசபைகளும் ஏரிக்கரையோரம் மோட்டார் வீடுகளுக்கென்றே தரிப்பிடம் ஒதுக்கி மின்சாரமும் தண்ணீரும் கொடுக்கின்றன. வண்டியின் கழிவுத் தொட்டியைக் காலிசெய்யவும் வழி வைத்திருக்கின்றன. ஸ்வீடனின் கிராமப்புறப் பயணம் இவ்வளவு நிம்மதியாக அமைவதற்கு இயற்கை மட்டும் காரணமில்லை, இந்த ஏற்பாடுகளும் காரணம்.

நம் மலையகத்தில் குடும்பம் இருக்கிறது, வண்டி இருக்கிறது, உலகமே தேடிவரும் அழகு இருக்கிறது. வண்டி நிற்க இடம்தான் இல்லை.

ஏறும் வழி

மலைக்கு ஏற முக்கியமாக இரண்டு பாதைகள். கொழும்புப் பக்கத்தார் அவிசாவளையிலிருந்து ஏ7 வீதியில் கித்துல்கலை, கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை என்று வருவார்கள். வடக்கிலிருந்து வருபவர்கள் ஏ9 வீதியில் தம்புள்ளை, மாத்தளை தாண்டிக் கண்டியில் இறங்கி, கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக ஏறுவார்கள். கண்டியிலிருந்து நுவரெலியா எண்பது கிலோமீற்றர்கூட இல்லை. ஆனாலும் மூன்று மணிநேரம் எடுக்கும். சீசனில் அதற்கும் மேல்.

வடக்கு வான்கள் அசதியோடு கடக்கும் அந்த மாத்தளைப் பாதைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்ட காலத்தில், தமிழகத்திலிருந்து படகில் வந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் இதே திசையில்தான் நடந்தார்கள். பிள்ளைகளை இடுப்பில் வைத்து, சட்டிபானையைத் தலையில் சுமந்து, காடு வழியே வந்த குடும்பங்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். மலையக மக்களின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023 ஜூலை, ஆகஸ்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் போனது. அந்தத் தூரத்தை நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், வழியில் ஒரு நிழலும் ஒரு குடம் தண்ணீரும் எவ்வளவு பெரியவை என்று.

கம்பளை தாண்டியதும் காற்றில் ஈரம் ஏறும். புசல்லாவைக்கு மேலே தேயிலை தொடங்கிவிடும். 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் வணிக நோக்கில் நட்ட தேயிலை, 1869இல் இலைத்துரு நோய் கோப்பியைத் தின்னத் தொடங்கிய பிறகு மலை முழுவதும் பரவியது. இறம்பொடையில் 109 மீற்றர் அருவி வீதியோரத்திலேயே கொட்டுகிறது. எதிர்க்குன்றில் சின்மயா மிஷன் கட்டிய அனுமன் கோயில். இங்கேதான் வான்கள் முதலில் மூச்சுவிட நிற்கும். நிற்பதென்றால் வீதியின் வெள்ளைக் கோட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவிலுள்ள ஓர் ஆள் அகலத்தில். பிள்ளைகள் இறங்குவார்கள், பின்னால் வரும் பஸ் ஹோர்ன் அடிக்கும்.

அதற்கும் மேலே வளைவுகளில் பூச்செண்டு ஏந்திய சிறுவர்கள் நிற்பார்கள். கீழ் வளைவில் வாங்காமல் போன வான் மேல் வளைவுக்கு ஏறி வருமுன், அதே பையன் தேயிலைச் செடிகளுக்கிடையே செங்குத்தான குறுக்கு வழியால் ஓடி ஏறி, மூச்சு வாங்க நின்று, அதே செண்டை மறுபடி நீட்டுவான். வானுக்குள் இருப்பவர்கள் அதிசயித்துக் காசு கொடுப்பார்கள். அந்தக் காலில் இருக்கும் வலு விளையாட்டு மைதானத்துக்கு உரியது. பாடசாலை நாளில் அவன் அங்கே நிற்கிறான் என்றால் அவனிடம் பூ வாங்குவது உதவி ஆகாது. அடுத்த திருப்பத்தில் அவித்த சோளம் விற்கும் அக்காவிடமும், கரட்டும் லீக்ஸும் கட்டித் தொங்கவிட்டிருக்கும் கடையிலும் வாங்கினால் அந்தக் காசு ஒரு குடும்பத்தின் அடுப்புக்குப் போகும்.

ஹட்டன் வழியாக வருபவர்களுக்கு டெவன், சென்கிளேயர் அருவிகள். கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடையில் 97 மீற்றர் டெவன் அருவியை வீதியிலிருந்தே பார்க்கலாம்; கொஞ்சம் தள்ளி 80 மீற்றர் சென்கிளேயர். 2012இல் 150 மெகாவாட் மேல்கொத்மலை மின்திட்டம் தலவாக்கலையில் இயங்கத் தொடங்கிய பிறகு சென்கிளேயரில் தண்ணீர் முன்போல் விழுவதில்லை. அருவிக்கு எதிரே இருக்கும் தேயிலை நிலையங்களில் நல்ல தேநீரும் சுத்தமான கழிப்பறையும் கிடைக்கும். லபுக்கலையிலும் அப்படியே. இன்றைக்கு மலைப்பாதையில் குடும்பங்கள் நம்பி நிறுத்தும் இடங்கள் இந்தத் தனியார் தேயிலை நிலையங்கள்தாம். அவை மூடும் மாலை நேரத்துக்குப் பிறகு பெண்களின் பாடு சொல்லில் அடங்காது. வான் பயணத்தில் தாய்மார் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வதை எந்தக் குடும்பத்திலும் கேட்டுப் பார்க்கலாம்.

அந்த வீதிக்கு மேலே மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கும் அதே கதிதான். பல தோட்டங்களில் வேலைத்தலத்துக்கு அருகில் கழிப்பறை கிடையாது. செடிகளின் மறைவே கதி. அட்டைக்கடிக்கு அஞ்சி, பகல் முழுவதும் அடக்கிக்கொள்பவர்கள் உண்டு. சுற்றுலாவுக்கு வரும் தாய்க்கும், அவள் படமெடுக்கும் கொழுந்துக் கூடைக்காரிக்கும் ஒரே இடத்தில் ஒரே தேவை இருக்கிறது.

லயத்திலிருந்து புறப்படும் வான்

மலையகத்தைப் பிறர் பார்க்க வரும் இடமாகவே எழுதிப் பழகிவிட்டோம். மலையகக் குடும்பங்களும் சுற்றுலா போகின்றன. பொகவந்தலாவையிலோ அக்கரப்பத்தனையிலோ ஒரு லயத்தில் எட்டுப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து மாதச் சீட்டுப் போடும். 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் உயர்த்தப்பட்ட நாட்சம்பளத்தில் ஒதுக்கி ஒதுக்கிச் சேர்த்த காசு. சேர்ந்ததும் வானோ பஸ்ஸோ பேசுவார்கள். கதிர்காமம், முன்னேஸ்வரம், திருகோணமலையில் கோணேசர், நல்லூர்த் திருவிழா, கிறிஸ்தவர்கள் என்றால் மடு மாதா. கோயிலும் கடலும் ஒரே பயணத்தில் பார்த்தாக வேண்டும். கடலைக் கண்டதும் சேலையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு அலையில் நிற்கும் பாட்டிமாரின் மகிழ்ச்சிக்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது.

அவர்கள் கடையில் சாப்பிடுவதில்லை, கட்டுப்படியாகாது. ரொட்டியும் கட்டைச் சம்பலும் கட்டிக்கொண்டு போவார்கள். இரண்டாம் நாள் அடுப்பு மூட்டுவார்கள். கோயில் ஊர்களில் அதற்கு மடங்கள் உண்டு: கிணறு, கூரை, படுக்கத் திண்ணை. இந்தத் தீவின் இரு சமூகத்தாரும் இதைப் பழங்காலத்திலேயே செய்துவைத்தவர்கள். சிங்களக் கிராமங்களில் வழிப்போக்கர் தங்க அம்பலம் கட்டினார்கள். யாழ்ப்பாணத்தார் வண்டிப்பாதையோரம் மடமும் கேணியும் ஆவுரஞ்சிக்கல்லும் சுமைதாங்கியும் அமைத்தார்கள். பருத்தித்துறையில் தெருவின் மேலேயே கூரை போட்டுக் கட்டிய தெருமூடிமடம் இன்றும் நிற்கிறது. சிவனொளிபாத மலைக்கு ஏறும் நல்லதண்ணிப் பாதையில் இரவு முழுவதும் ஏறுகிறவர்கள் இளைப்பாற இன்றும் அம்பலங்கள் உண்டு. மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசிப் பௌர்ணமி வரை அந்தப் பாதை உறங்குவதேயில்லை. 2,243 மீற்றர் உயரத்துக்கு நடந்தேறுகிறவனுக்கு இளைப்பாற இடம் வேண்டும் என்பதை முன்னோர் உணர்ந்திருந்தார்கள். வீதிகள் அகலமாகி, நடையாத்திரை வான் யாத்திரையாக மாறியபோது மட்டும் அந்த மரபு கைவிடப்பட்டது.

வானில் உறங்கும் மனிதர்

இந்தப் பயணத்தில் வானையே உண்மையில் வீடாகக் கொள்பவர் ஒருவர் இருக்கிறார். சாரதி.

குடும்பம் நுவரெலியாவில் விடுதி அறையிலோ, தெரிந்தவர் வீட்டிலோ படுத்துவிடும். வசதியான ஹோட்டல்களில் சாரதிகளுக்குத் தனி அறை இருக்கும். வாடகை வீடுகளில் பெரும்பாலும் இருக்காது. 1,868 மீற்றர் உயரத்தில் இரவுக் குளிர் எலும்பில் ஏறும். கண்ணாடிகளை ஏற்றி, கம்பளியைப் போர்த்தி, முன் சீட்டைச் சாய்த்துக்கொண்டு அவர் கிடப்பார். ஹோர்ட்டன் சமவெளிக்குப் போவதானால் விடியுமுன் நான்கு மணிக்கே அவரை எழுப்பிவிடுவார்கள், பனி மூடுமுன் ‘உலக முடிவு’ப் பள்ளத்தைப் பார்க்க வேண்டுமே. பட்டிப்பொலை வாசலில் வனசீவராசிகள் திணைக்கள அலுவலர்கள் பைகளைத் திறந்து பொலித்தீனை எல்லாம் எடுத்துவைப்பார்கள். பிஸ்கட்டின் உறையைக் கழற்றிக் காகிதத்தில் மாற்றச் சொல்வார்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் லேபிளைக்கூட உரிப்பார்கள். 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி அது. அந்தக் கண்டிப்பை மனமாரப் பாராட்டலாம். குடும்பம் ஒன்பது கிலோமீற்றருக்கும் மேல் நடந்து திரும்பும் வரை சாரதி மறுபடி சீட்டைச் சாய்ப்பார். பிறகு ஹக்கலைப் பூங்கா, சீதாஎலியவில் சீதை அம்மன், மாலையில் கிரகரி வாவிக் கரை. அன்றிரவே இறக்கம்.

விபத்துகளைப் பற்றிப் பேசாமல் மலைப்பாதையைப் பற்றி எழுத முடியாது. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயாவுக்கு அருகே ரதெல்ல குறுக்கு வீதியில், கொழும்புப் பாடசாலையொன்றின் மாணவர்களைச் சுற்றுலா ஏற்றிவந்த பஸ், எதிரே வந்த வான் மீதும் முச்சக்கரவண்டி மீதும் மோதியதில் ஏழு பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அந்த வானில் இருந்தவர்கள். 2025 மே 11ஆம் திகதி விடியற்காலையில் கொத்மலை கெரண்டிஎல்லவில் கதிர்காமத்திலிருந்து குருணாகலுக்குப் போன பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில், தங்காலை நகரசபை ஊழியர்களும் உறவினர்களும் சுற்றுலா முடித்துத் திரும்பிய பஸ் பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் இறந்தார்கள். மூன்றில் குறைந்தது இரண்டு இருட்டு நேரத்தில். இரண்டில் சிக்கியவை, சுற்றுலா வந்தவர்களை ஏற்றிய பஸ்கள்.

நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கும்போது வண்டி ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தை இழக்கிறது. அவ்வளவு தூரமும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் கட்டைகள் கொதித்து, பிடிப்பு குறைந்து, கடைசியில் மிதி பஞ்சுபோல் உள்ளே போகும். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கு என்பது மலையகச் சாரதிகளின் பால பாடம். சமவெளியில் ஓட்டிப் பழகியவருக்கு, அதுவும் தானியங்கிக் கியர் வண்டியில், இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. இடையில் இருபது நிமிடம் நிறுத்தினால் பிரேக் ஆறும், சாரதியின் கண்ணும் தெளியும். எங்கே நிறுத்துவது?

தெற்கு அதிவேகப் பாதையில் போகிறவர்களுக்கு வெலிப்பென்னயில் கழிப்பறை, உணவகம், விசாலமான தரிப்பிடம் எல்லாம் கொண்ட ஓய்விடம் இருக்கிறது. வழுவழுப்பான நேர்ப்பாதைக்கு அது அவசியம் என்றால், வளைவுக்கு வளைவு உயிரைக் கையில் பிடித்து ஓட்டும் ஏ5க்கும் ஏ7க்கும் அது பல மடங்கு அவசியம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டபோது மண்சரிவுகள் வீதிகளைத் துண்டித்து ஊர்களைத் தனித்தனித் தீவுகளாக்கின. கூரையும் தண்ணீரும் வெளிச்சமும் உள்ள ஓய்விடங்கள் அப்படிப்பட்ட நாட்களில் வழியில் சிக்கியவர்களுக்கு ஒதுங்க இடமாகும். இடத்தை மட்டும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

யாருடைய நிலத்தில், யாருடைய கையில்

மலையகத்தில் பணக்காரப் பயணிக்கு ஒரு குறையும் இல்லை. பழைய துரைமார் பங்களாக்கள் பல சொகுசு விடுதிகளாகிவிட்டன. கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையே 1996இல் ஹோட்டலானது. அவை நன்றாக நடக்கட்டும். வெளிநாட்டவர் 2024இல் 20 இலட்சத்துக்கும் மேல் வந்தார்கள். அவர்களால் பலருக்கு வேலை கிடைக்கிறது. ஆனால் சட்டியோடும் பாயோடும் வரும் உள்ளூர்க் குடும்பமும் இந்த மலைக்கு விருந்தாளிதான்.

பக்கத்து வீட்டைப் பார்க்கலாம். கேரள அரசு 2021இல் 'கேரவன் கேரளா' என்ற திட்டத்தை அறிவித்தது. மோட்டார் வீடுகளும், அவை நிற்கத் தண்ணீர், மின்சாரத்தோடு பூங்காக்களும் அதன் இரு கால்கள். முதல் பூங்கா தேயிலை மணக்கும் வாகமனில் திறந்தது. விலையுயர்ந்த வண்டிகளை நாம் அப்படியே இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. நம் குடும்பத்துக்கு ஹையேஸ் போதும். அந்தப் பூங்கா என்ற பாதியை எடுத்துக்கொண்டால் போதும்.

நிலம் யாருடையது என்ற கேள்வி உடனே எழும். 1972, 1975 நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992 முதல் கம்பனிகள் நிர்வகிக்கின்றன. இருநூறு ஆண்டு உழைத்த மக்களில் பெரும்பாலோருக்கு அங்கே வீட்டு நிலம்கூட இன்னும் சொந்தமில்லை. தோட்டத்துக்குள் பிரதேச சபை பணம் செலவிடச் சட்டத்தில் இருந்த தடை 2018இல்தான் திருத்தத்தால் நீங்கியது. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய பிரதேச சபைகளும் பிறந்தன. ஆகவே தோட்டத்துக்குள் செலவிட முடியாது என்ற பழைய சாட்டு இனிச் செல்லாது. வீதியோரம் கைவிடப்பட்ட அரை ஏக்கர் தேயிலை நிலம் எந்தத் தோட்டத்திலும் கிடைக்கும். அதில் பத்து வான் நிற்க இடம், பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை, குழாய்த் தண்ணீர், கூரைக்குக் கீழே நான்கு அடுப்புமேடை, சாரதிகள் கால்நீட்ட ஒரு சிறு கூடம். நடத்தும் பொறுப்பு தோட்டத்துப் பெண்களின் சங்கங்களுக்கு. ரொட்டியும் சம்பலும் சாயத் தண்ணியும் அவர்கள் கையால். மலையிலிருந்து இறங்கும் கொழுந்துக்காரப் பெண்களுக்கும் அதே கழிப்பறை, காசில்லாமல்.

இறம்பொடை, லபுக்கலை, நானுஓயா, தலவாக்கலை, கினிகத்தேனை. தொடங்குவதற்கு இந்த ஐந்து இடம் போதும். வீதி அபிவிருத்தி அதிகார சபையும் பிரதேச சபைகளும் தோட்டக் கம்பனிகளும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் முடிகிற காரியம் இது. மலையக மக்கள் பிரதிநிதிகள் பாராளுமன்றத்திலும் சபைகளிலும் இதைக் கேட்க வேண்டும். வருடா வருடம் ஏப்ரல் முதலாம் திகதி நுவரெலியாவில் பாடசாலை வாத்தியக் குழுக்கள் முழங்க வசந்தகாலத்தைத் திறந்து வைக்கிறோம்; அதே நாளில் முதல் ஓய்விடத்தையும் திறக்கலாம்.

அதுவரை, இந்தச் சித்திரைக்கு வான் பேசுகிறவர்களிடம் இரண்டே வேண்டுகோள். அறை பேசும்போது சாரதிக்கும் ஒரு கட்டில் சேர்த்துப் பேசுங்கள். எவ்வளவு அவசரமானாலும், மலையிறக்கத்தை விடிந்த பிறகு தொடங்குங்கள்.